ஒன்றுக்கு மூன்று: நிரைகளை நேராக்கிய லதீபா அக்காவுக்குப் பணிநயப்பு மடல்

எண்களுக்கு இருக்கை அளித்த எழிலறிவே! நிரை குலைந்த இடமெல்லாம் நிதானத்தால் நேர்செய்த நிறைகுடமே! முல்லைத்தீவு ஈன்றெடுக்க, புத்தளம் புகல் கொடுக்க, கிளிநொச்சி கைப்பற்றிக்கொண்ட கணிதக் கருவூலமே! நிரைவரி மென்பொருள் நிறுவனத்தின் முதலாம் கதிரையில் பதினொரு ஆண்டுகள் வீற்றிருந்து, அறுபது அகவை நிறைந்து, இன்று ஓய்வுபெறும் எங்கள் மதிப்புக்கும் மட்டற்ற அன்புக்கும் உரிய ஜனாபா லதீபா அவர்களே!

இத்துடன் அடைமொழிகள் முடிந்தன. இன்னும் இரண்டைச் சேர்த்தால் அக்கா எழுந்து குசினிப் பக்கம் போய்விடுவார். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் போகிறதென்று பணிப்பாளர் பிரதாபனிடம் ஒருமுறை அவரே முறையிட்டிருக்கிறார். ஆகவே இந்தச் சபைக்கு ஒரு விண்ணப்பம். அக்கா இங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி உங்களிடம் சொல்கிறோம். அவர் காதில் விழுந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

முதலில், புத்தளத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் தம்பி நவ்பர் அவர்களின் குடும்பத்துக்கு ஒரு விளக்கம். அக்கா பதினொரு ஆண்டுகளாக இங்கே கொம்பியூட்டர் திருத்துகிறார் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவருவதாக அறிகிறோம். போன பெருநாளுக்கு உடைந்த மடிக்கணினி ஒன்றையும் அவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தீர்கள். அது இன்னும் எங்கள் அலுமாரிக்கு மேலே பத்திரமாக இருக்கிறது. போகும்போது எடுத்துச் செல்லலாம்.

அக்காவின் வேலை வேறு. மனிதர் எழுதும் செய்நிரலை இயந்திரத்துக்கு விளங்கும் அறிவுறுத்தல்களாக மாற்றித் தருவதற்குத் தொகுப்பான் என்று பெயர். வாயால் நாங்கள் கொம்பைலர் என்போம். கணினியின் மூளையான சிப் என்னும் சில்லுக்குள்ளே நான்கு எண்கள் பக்கம் பக்கமாக இருக்கும் அகன்ற இடம் ஒன்று உண்டு. நான்கு கதிரைகளில் நான்கு பேர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டவும் பாட்டைக் கேட்பிக்கவும் அந்த நால்வரும் ஓயாமல் இடம் மாற வேண்டியிருக்கிறது. அந்த இடமாற்றத்துக்குத்தான் ஷஃபிள் என்று பெயர். நல்ல சில்லு ஒரே அறிவுறுத்தலில் நால்வரையும் மாற்றிவிடும். தொகுப்பானுக்கு அந்தச் சுருக்குவழி தெரியாவிட்டால், ஒவ்வொருவராக எழுப்பி வெளியே கூட்டிவந்து, மறுபடி ஒவ்வொருவராக உள்ளே கொண்டுபோய் இருத்தும். ஒன்றில் முடிகிற வேலைக்கு எட்டு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்தத் தொகுப்பானுக்கு நேரே மூக்கைத் தொடப் பழக்கியதுதான் லதீபா அக்கா செய்த வேலை. கடல் கடந்த சில்லுக் கம்பனி ஒன்று அதை எங்களிடம் ஒப்படைத்திருந்தது.

நிறுவனம் தொடங்கிய நாட்களை இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. கனகபுரத்தில் வாடகைக்கு எடுத்த வீடு, தகரக் கூரை, இரண்டு கணினிகள், நான்கு பிளாஸ்ரிக் கதிரைகள். மழை பிடித்தால் வெளிநாட்டுக்காரர் தொலைபேசியில் என்ன சொல்கிறார் என்று கேட்காது. நாங்கள் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ என்போம், பிறகு எதற்குச் சம்மதித்தோம் என்று கடிதம் எழுதிக் கேட்போம். மின்சாரம் போய்விட்டால் அக்கா அந்த நான்கு கதிரைகளையும் முற்றத்து மாமரத்தின் கீழே வரிசையாகப் போடுவிப்பார். எங்கள் கையில் இலக்கம் எழுதிய மட்டையைத் தந்து இருக்கவைப்பார். நாங்கள்தான் எண்கள். இரண்டு நகர்த்தலில் இந்த வரிசை அந்த வரிசையாகுமா, மூன்று வேண்டுமா என்று எங்களை எழுப்பி இருத்திப் பார்ப்பார். வீதியால் போனவர்கள், படித்த பிள்ளைகள் பட்டப்பகலில் சங்கீதக் கதிரை விளையாடுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பாட்டு மட்டும்தான் இல்லை. இன்றைக்கு அதே இடத்தில் மின்பிறப்பாக்கி இருக்கிறது, ஆளுக்கொரு சுழல் கதிரை இருக்கிறது, மழைச் சத்தம் கேட்காத கூரை இருக்கிறது. அந்த மாமரத்தடி நாட்களை நினைத்து ஏங்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை.

அக்காவின் உண்மையான அலுவலகம் முல்லைத்தீவு பஸ்தான். காலை ஐந்தே முக்காலுக்கு ஏறுவார். கரையோரத்திலிருந்து வரும் எங்கள் றஞ்சனி அவருக்குப் பக்கத்து இருக்கை. கையிலுள்ள பஸ் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் அக்கா போடுவது நான்கு புள்ளிகள், அவற்றுக்குக் கீழே நான்கு புள்ளிகள், இடையே கோடுகள். ஐந்து அறிவுறுத்தல் தின்றுகொண்டிருந்த ஓர் இடமாற்றத்தை ஒருநாள் இரண்டாகக் குறைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உடையார்கட்டில் பிடிபட்டது, விசுவமடுவில் சரிவந்தது என்று அதற்கு ஊர்க் கணக்கும் சொன்னார். அந்தச் சீட்டுகளையெல்லாம் அலுவலகத்துக்கு வந்ததும் ஒரு சி.ஆர். கொப்பியில் ஒட்டிவைப்பார். பதினொரு ஆண்டில் ஏழு கொப்பிகள்.

அந்தக் கொப்பிகளில் அவர் கண்டுபிடித்த குறிப்பு ஒன்றை மட்டும் இங்கே சொல்லவேண்டும். சில வேளைகளில் ஒரு கதிரையில் யார் வந்து இருந்தாலும் பரவாயில்லை; அந்த எண்ணை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. அப்படிப்பட்ட கதிரைக்கு நேரே அக்கா ‘ஆரெண்டாலும் சரி’ என்று எழுதுவார். யார் என்றாலும் சரி என்று ஒரு கதிரையை விட்டுவிட்டால் மற்ற மூன்றையும் நிரப்புவது எவ்வளவோ சுலபமாகிவிடும். எங்கள் வேகத்தில் பாதி அந்தச் சொற்களால் வந்தது.

நோன்பு மாதத்தில் அவர் தண்ணீரும் குடியாமல் வேலை செய்வார். பின்னேரம் எங்களுக்கு வாளி நிறையக் கஞ்சி வந்துவிடும். வயதுக்கு ஏற்ப ‘அன்ரி’ என்று கூப்பிட்டவர்களுக்கு அந்தக் கஞ்சி கிடைக்காது என்று ஒரு சட்டமும் இருந்தது. அதனால்தான் இருபது வயதுக்காரரும் அவரை அக்கா என்கிறார்கள்.

இவ்வளவும் எல்லா மடல்களிலும் வரக்கூடிய நல்ல செய்திகள். இதோடு நிறுத்திக்கொண்டு கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த ஆண்டு தை மாதம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது பொய் மடலாகிவிடும். பொய்யைச் சட்டம் போட்டுக் கொடுத்தால் அக்கா சுவரில் மாட்டமாட்டார்.

எங்கள் வேலைத்தாள்கள் தமிழில் எழுதப்படுவது தொடக்க நாள் வழக்கம். இடமாற்றங்களை அக்கா தாளில் ‘ஒன்றுக்கு மூன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு, நாலுக்கு நாலு’ என்று எழுதிக் கொடுப்பார். ‘ஒன்றுக்கு’ என்றவுடன் சிரிக்கிற இளவட்டங்கள் முதல் வாரத்தோடு சிரிப்பை விட்டுவிடுவார்கள். ஒன்றாம் கதிரைக்கு மூன்றாம் ஆள் வரவேண்டும் என்பது அக்காவின் கருத்து. அந்தத் தாள்களைப் பார்த்துத் தொகுப்பானுக்குள் எழுதியவர் ஜெயபுரத்து நிறோஜன், ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருந்தவர். ஒன்றாம் ஆளுக்கு மூன்றாம் கதிரை என்று அவர் விளங்கிக்கொண்டார். தமிழில் இரண்டும் சரிதான். அந்த ‘க்கு’ கதிரைக்கா, ஆளுக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பரிசோதனையில் இது பிடிபட்டிருக்க வேண்டாமா என்று சபையில் கேட்பீர்கள். முதற்கட்டமாக நாங்கள் எடுத்துக்கொண்டது நான்கு பேரும் தவறாமல் இடம்பெறும் இருபத்துநான்கு வரிசைகளை. அவற்றில் பத்து வரிசைகளை எப்படி வாசித்தாலும் விடை ஒன்றுதான். நானும் நீங்களும் கதிரை மாறினால், நான் உங்கள் இடத்துக்குப் போனேன் என்றாலும் நீங்கள் என் இடத்துக்கு வந்தீர்கள் என்றாலும் ஒன்றுதானே! பரிசோதனைக்கு அக்கா தெரிந்தெடுத்த வரிசைகளெல்லாம் அந்தப் பத்துக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டன. முன்பின்னாகத் திருப்புவது, சோடி மாற்றுவது: யாருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை அவைதான். மற்றப் பதினாலும் பிழையாகவே கடல் கடந்து போயின.

மூன்றாவது வாரம் கம்பனியிலிருந்து ஒரு படம் வந்தது. பூச்சாடி ஒன்று. சிவப்பாக இருக்கவேண்டிய பூ நீலமாக, பச்சையாக இருக்கவேண்டிய இலை சிவப்பாக, நீலமாக இருக்கவேண்டிய வானம் பச்சையாக இருந்தது. மூன்று நிறங்களும் வட்டமாக இடம் மாறியிருந்தன. கீழே நான்கு வரிக் கடிதம். பிழை எப்படி நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று பத்து நாளுக்குள் அறிக்கை வேண்டும். இல்லையென்றால் வேலையைத் திருப்பி எடுத்துக்கொள்வோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அதே வாரம்தான் நிறோஜனின் நியமனத்தை உறுதிப்படுத்துவதா விடுவதா என்று தீர்மானிக்கவேண்டிய வாரமும். அறிக்கையில் அவருடைய பெயர் போனால் அந்த நியமனம் அன்றோடு சரி. பொடியன் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அப்போது பணிப்பாளர் பிரதாபன் எங்களைக் கூட்டி ஒரு வழி சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்லர். நல்ல மனதோடுதான் சொன்னார். இதை வாசிக்க அவரே சம்மதித்திருக்கிறார்.

“அக்கா, நீங்கள் எப்பிடியும் இன்னும் ஏழு மாசத்தில போகப்போறீங்கள். உங்கட பேரில போட்டா உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. பொடியனும் தப்பியிடுவான்.”

நாங்கள் என்ன செய்தோம் என்று கேளுங்கள். தலையாட்டினோம். அக்காவின் கஞ்சியைக் குடித்த வாயால் ஒருவரும் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. நிறோஜன் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் மறுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று பின்னேர பஸ்ஸில் பக்கத்தில் இருந்த றஞ்சனி சொல்லித்தான் மிச்சம் எங்களுக்குத் தெரியும். விசுவமடு போனது, உடையார்கட்டு போனது, புதுக்குடியிருப்பும் போனது. முல்லைத்தீவில் இறங்கும்போதும் சீட்டு அக்காவின் கையிலேயே இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பதினொரு ஆண்டில் அப்படி வெறுமையாகப் போன சீட்டு அது ஒன்றுதான்.

அவருக்கு என்ன பாரம் என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் அல்ல. அது எப்படியும் முடியப்போகிற வேலை. பொடியனுக்கு உதவ மனமில்லையா என்றால் அதுவும் அல்ல. நிறோஜனுக்காக அவர் என்றைக்கும் விட்டுக்கொடுப்பவர். இருபத்தைந்து வயதில் ஒருமுறை, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடுப்போடு முல்லைத்தீவை விட்டுப் போனவர் அவர். புத்தளத்தில் ‘நீங்கள் எவ்விடம்’ என்று கேட்டால் முல்லைத்தீவு என்பார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து முல்லைத்தீவில் கடைக்குப் போனால், அங்கேயும் ‘நீங்கள் எவ்விடம்’ என்று கேட்டார்கள். புத்தளத்திலிருந்து வந்தவ என்றார்கள். அவர் இல்லாத காலத்தில் அவர் வீட்டைப் பற்றியும் அவர் ஆட்களைப் பற்றியும் ஊரில் உலாவிய கதைகளைத் திரும்பி வந்துதான் கேட்டார். மறுத்துச் சொல்ல அப்போது ஆள் இருக்கவில்லை.

மறுநாள் காலை வந்தார். கைப்பையை வைத்தார். பிரதாபனின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னார்.

“போன ஆக்களின்ட தலையில எதையும் போடலாம். நான் ஒருக்காப் போய்ப் பார்த்தனான். இன்னொருக்கா அப்பிடிப் போகமாட்டன்.”

பிரதாபனுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்படியென்றால் நிறோஜனின் பெயரைத்தான் போடவேண்டுமா என்று மெல்லக் கேட்டார். அதற்கு அக்கா, நான்கு கதிரைகளை முற்றத்துக்கு எடுத்துவரச் சொன்னார். சுழல் கதிரைகளை மாமரத்தடி மணலில் தள்ளிக்கொண்டுபோக நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு. ஒன்றாம் மட்டை பிரதாபனுக்கு, இரண்டாம் மட்டை நிறோஜனுக்கு, மூன்றாவது றஞ்சனிக்கு, நாலாவது எங்களில் ஒருவரான சுகந்தினிக்கு. ஆளுக்கொரு தாள் தந்தார். எல்லாத் தாளிலும் ஒரே வரி: ஒன்றுக்கு மூன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு, நாலுக்கு நாலு. ஒருவரோடொருவர் கதைக்காமல் எழுந்து போய் இருக்கவேண்டும் என்றார்.

கை தட்டினார். எழுந்தோம். அடுத்த கணம் ஒன்றாம் கதிரையில் நிறோஜனும் றஞ்சனியும் முட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் கதிரையில் பணிப்பாளர் பிரதாபன் கம்பீரமாக வீற்றிருந்தார். இரண்டாம் கதிரை வெறுமையாகக் கிடந்தது. எழும்பவே தேவையில்லாத சுகந்தினி நாலாம் கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். றஞ்சனி அக்காவைப் போல வாசித்திருந்தார். பிரதாபன் வாசித்தது நிறோஜனைப் போல!

அக்கா சிரிக்கவில்லை. அறிக்கையில் எழுதவேண்டியதை அந்த முற்றத்திலேயே பிரதாபனைப் பார்த்துச் சொன்னார்.

“தாள் எழுதினது நான். பரிசோதனை தெரிஞ்செடுத்ததும் நான். உள்ள போட்டது தம்பி. கையெழுத்து வச்சு அனுப்பினது நீங்கள். மூண்டு பேரையும் போடுங்கோ. ஆனாப் பிழை அந்த ‘க்கு’வில இருக்குது. என்ட தலையில போட்டா நான் போயிடுவன், ‘க்கு’ இஞ்சயே நிக்கும்.”

பிரதாபன் மூன்றாம் கதிரையிலிருந்து எழும்ப நேரமெடுத்தது. எழுந்தவர், அறிக்கையை அன்றே எழுதினார். மூன்று பெயர்களில் முதற்பெயராகத் தன்னுடையதைப் போட்டார். அடுத்த நான்கு நாட்களும் எங்கள் நிறுவனம் கண்டிராத நாட்கள். வேலைத்தாளின் தலைப்பே மாறியது. இப்போது ஒவ்வொரு கதிரைக்கு நேரேயும் ‘இங்கே வருபவர் எவ்விடம்?’ என்று அச்சடித்திருக்கிறது. அந்தக் கேள்வியை அப்படியே எழுதச் சொன்னவரும் அக்காதான். போகிற ஆளைக் கேட்டால் ஒரு கதிரைதான் சொல்லுவார். கதிரையைக் கேட்டால், ஒரே எண் இரண்டு கதிரைக்குத் தேவைப்பட்டாலும் குழப்பம் வராது என்று அதற்குக் காரணமும் எழுதிவைத்தார். தவறிப்போன பதினாலு வரிசைகளையும் நிறோஜன் ஒவ்வொன்றாகப் பரிசோதனையில் சேர்த்தார். ஆறாம் நாள் பூச்சாடியில் பூ சிவந்தது.

கம்பனி அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அந்த ‘க்கு’ என்றால் என்ன, அதை எப்படி உச்சரிப்பது என்று மட்டும் கேட்டு எழுதினார்கள். வேலை எங்களிடமே நின்றது. மாதக் கடைசியில் நிறோஜனின் நியமனம் உறுதியானது. நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கியவர் நேரே முதலாம் கதிரைக்கு முன்னால் வந்து நின்று, அக்காவின் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார். அதன் பிறகு அந்தப் பதினாலை அக்காவும் அவரும் ‘ஆரெண்டாலும் சரி’ வரிசைகளோடும் ஒரே எண் இரண்டு கதிரைக்கு வரும் வரிசைகளோடும் சேர்த்து அறுநூற்று இருபத்தைந்து வரை கொண்டுபோன கதை பெரிய கதை. ஏழாவது கொப்பி முழுக்க அதுதான்.

இனி சபையை விட்டு உங்களிடம் திரும்புகிறோம், அக்கா. காது கேளாததுபோல் இருந்தது போதும்.

தை மாதத்தில் தலையாட்டினோமே, அதற்கு நாங்கள் உங்களிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பிழை திருத்தும் அவசரத்தில் மறந்தோம் என்று சொல்லலாம். அது உண்மையல்ல, வெட்கத்தில் வாய் வரவில்லை. இன்று உங்கள் உறவினர் முன்னிலையில், எழுத்தில், எங்கள் அத்தனை பேரின் கையெழுத்தோடும் கேட்கிறோம்: எங்களை மன்னித்துவிடுங்கள். நீங்கள் போனபின் இங்கே ஏதும் பிழை நேர்ந்தால் அதை உங்கள் தலையில் போட ஒருவர் வாயெடுத்தாலும், மறுத்துச் சொல்ல இங்கே பதினாறு பேர் இருப்போம் என்று இந்த மடலின் மீது உறுதி சொல்கிறோம்.

நிரை தவறாத நெஞ்சும் நிலை தளராத நடையும் நீங்காமல் உங்களோடு நிலைக்கட்டும்! பஸ் சீட்டின் பின்பக்கம் என்றைக்கும் வெறுமையாகாமல், கண்ணில் ஒளியும் கையில் வலுவும் கடைசிவரை குறையாமல், உற்றார் சூழ, ஊர் உங்களை ‘எவ்விடம்’ என்று கேட்கத் தேவையில்லாத உரிமையோடு, நீங்கள் நூறாண்டு நலமுடன் வாழ வல்ல இறைவன் அருள் பொழியட்டும்!

கடைசியாக ஒன்று. உங்கள் ஓய்வை முன்னிட்டு நிறோஜன் நேற்று அலுவலகத்தின் புதிய இருக்கை வரிசையை உங்கள் முறைப்படியே எழுதத் தொடங்கினார். இரண்டாம் கதிரைக்கு எவ்விடத்திலிருந்து யார், மூன்றாவதற்கு யார் என்று எல்லாம் சரியாக வந்தது. முதலாம் கதிரைக்கு இன்னும் ஆள் தெரிவாகவில்லை. உங்கள் கொப்பியின் விதிப்படி அந்த இடத்தில் எழுதவேண்டிய சொற்கள் எங்களுக்குத் தெரியும். பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டு எழுந்துபோனார். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் போய் இருந்து பார்த்தோம். அக்கா, உங்கள் கதிரைக்கு நேரே ‘ஆரெண்டாலும் சரி’ என்று எழுத எங்கள் ஒருவருக்கும் கை வரவில்லை.

இங்ஙனம்,
கதிரை நிரைகள் பழகிய பணியாளர்கள்,
நிரைவரி மென்பொருள் நிறுவனம்,
கனகபுரம், கிளிநொச்சி.
2025 ஆவணி